எழுபத்து மூன்றாம் கட்டம்

அந்த ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவு எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். பச்சையக்கா எங்கே என்று கேட்டால் சலவைக்கட்டு தாண்டி, மருந்துக் கிடங்கு தாண்டி, கடைசி அறை என்று வாசல் காவலாளி வரைக்கும் சொல்லுவார்கள். இருபத்தொன்பது வருஷமாக அவள் அந்த அறையில்தான் இருக்கிறாள். அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அவளுடைய திரையால். கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து, இடது ஓரத்தில் ஆறு இலக்க எண், தலைப்பில் கட்டளை எழுத ஒரே ஒரு வரி. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸை வைத்துக்கொண்டு என்னதான் சொடுக்கினாலும் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு தரித்திரம் பிடித்த திரை. அவளுக்கு அது கை.

அடுத்த அறையில் பீரோ உயரத்துக்கு நின்றது மெயின்ஃப்ரேம் என்னும் பெரிய இயந்திரம். நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் நோயாளிகளின் விவரம் அதற்குள் இருந்தது. ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு எண்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. அந்த வரிகளைத் தேட, மறைக்க, திருத்த அதிலேயே ஓர் எடிட்டர் இருந்தது. பச்சையக்கா பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிய எடிட்டர். அதன் சாமர்த்தியத்தைச் சும்மா சொல்லக் கூடாது. ஊரில் தொலைபேசி எண்களுக்கெல்லாம் முன்னால் ஒரு இலக்கம் சேர்த்தபோது மற்ற அலுவலகங்கள் ஆள் போட்டு மாதக்கணக்கில் திருத்தின. பச்சையக்கா இரண்டு கட்டளை அடித்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் வேலை முடிந்தது. "என்னம்மா, முடிஞ்சிடுச்சா?" என்று கேட்ட மேலதிகாரி நம்பாமல் நூறு வரியைக் கையால் சரிபார்த்து, வெட்கப்பட்டுக்கொண்டு போனார்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது மறைக்கும் கட்டளை. வேண்டாத வரிகளையெல்லாம் ஒரே அடியில் மறைத்துவிட்டு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மறைந்தவை அழிந்துபோகாது, ஒரு கோட்டுக்குக் கீழே பத்திரமாக இருக்கும். பேருந்துப் பணிமனையில் நேரக் கணக்கராக இருக்கும் அவள் கணவர் இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து விடவில்லை. "எங்க வீட்டுலயும் ஒரு எடிட்டர் இருக்கு. நான் பேசறதுல முக்காவாசியை மறைச்சுட்டுத்தான் காதுல வாங்கும்" என்பார் வருகிற விருந்தாளியிடமெல்லாம்.

கிண்டல் செய்வதில் அவரையும் மிஞ்சியவள் அவருடைய தங்கை. பச்சையக்காவின் நாத்தனார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வாயைத் திறந்தால் போதும். "இன்னும் அந்தப் பச்சை டப்பாதானா அண்ணி? எங்க வீட்டு வாஷிங் மெஷின்ல கூடக் கலர் கலரா எழுத்து வருது" என்பாள். அண்ணியும் சளைத்தவள் இல்லை. "வாஷிங் மெஷின் அழுக்கை மட்டும்தான் எடுக்கும். வாயை எடுக்காது" என்று திருப்பிக் கொடுப்பாள். எலியும் பூனையுமாக இருந்தாலும் இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. போன ஐந்து மாதமாகத்தான் அடியோடு பேச்சு இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நாத்தனார் இரவல் வாங்கிப் போன குக்கர் ரப்பர் வளையம் இல்லாமல் திரும்பி வந்தது. "வரும்போதே இல்லை" என்றாள் அவள். "என் குக்கரை எனக்குத் தெரியாதா?" என்றாள் இவள். ஒரு வளையத்துக்கு இரண்டு குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த வாரம் நாத்தனாருக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை, அதுவும் இதே ஆஸ்பத்திரியில். கணவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். எந்த நாள் என்று சொல்ல வாயெடுத்தவரை பச்சையக்கா ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு அதை நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்குப் புது சிஸ்டம் வந்திருந்தது. வார்டுக்கு வார்டு பளபளவென்று திரை, விரலால் தொட்டால் நோயாளியின் விவரம். பழைய இயந்திரத்திலிருந்த வரிகளையெல்லாம் ஒரு கம்பெனி எடுத்துப் புதியதில் ஏற்றியது. இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது, அல்லது ஓடியதாக எல்லோரும் நினைத்தார்கள். பழைய இயந்திரத்தை ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நிறுத்துவதாக ஏற்பாடு. இயக்குநரே நேரில் வந்து நிறுத்தப்போகிறார் என்று சுற்றறிக்கை வந்தது. பச்சையக்கா அன்று புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அழக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லியும் வைத்திருந்தாள். அழுவதற்கு நேரமே கிடைக்காது என்று அப்போது தெரியாது.

ஒன்பது இருபதுக்கு ஆண்கள் வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். எப்போதும் சிரித்துப் பேசுகிறவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, உங்க பழைய டப்பா இன்னும் ஓடுதில்ல?"

"பன்னெண்டு மணி வரைக்கும் உயிர் இருக்கு. ஏன்?"

"நேத்து சாயங்காலம் ஒரு பெரியவருக்குப் பெனிசிலின் ஊசி போட்டோம்க்கா. அஞ்சு நிமிஷத்துல தொண்டை வீங்கி மூச்சு அடைச்சிடுச்சு. இப்ப மிஷின்லதான் மூச்சு. புது சிஸ்டத்துல ஒவ்வாமை இல்லைன்னு தெளிவா போட்டிருக்கு. ஆனா அவர் பையன் சத்தம் போடறார். போன வருஷம் வந்தப்பவே எழுதிக்கிட்டீங்களே, அப்ப திரையில இருந்துச்சேங்கறார். கொஞ்சம் பாருங்களேன்."

பச்சையக்கா நோயாளி எண்ணை அடித்தாள். வரி வந்து நின்றது. பெயர், வயது, முகவரி, ரத்தப் பிரிவு. ஓய்வு பெற்ற தபால்காரர். ஒவ்வாமை என்று ஒன்றுமே இல்லை.

"இங்கயும் இல்லையே சிஸ்டர்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னாள்! சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனாள். கை பாதியில் நின்றது. பையன் பொய் சொல்ல என்ன இருக்கிறது? அந்தத் திரை ஒரு வரியில் எழுபத்திரண்டு கட்டத்தைத்தான் காட்டும். மிச்ச எட்டுக் கட்டம் வலப்பக்கம் திரைக்கு வெளியே இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் வலது பக்கம் தள்ளும் விசையை ஒரு தடவை அழுத்த வேண்டும். யாரும் அழுத்த மாட்டார்கள். அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் எழுபத்து மூன்று முதல் எண்பது வரை என்றால் வரிசை எண்தான். கணினிக்குத் தகவலை அட்டையில் துளையாகப் போட்டுக் கொடுத்த காலத்திலிருந்து வழக்கம் அது. அட்டைக் கட்டு கீழே விழுந்து கலைந்தால் அடுக்குவதற்காக வைத்த எண். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

பச்சையக்கா அந்த விசையை அழுத்தினாள். திரை ஒரு நகர்வு நகர்ந்தது. எழுபத்து மூன்றாம் கட்டத்தில் தொடங்கி, பெனிசிலினுக்கான குறியீடு பச்சைப் பசேலென்று நின்றது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறந்தே போயிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்போதைய தலைமை மருத்துவர், எல்லா நோயாளிக்கும் ஒவ்வாமை விவரம் ஒரே வாரத்தில் ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டார். வரியில் இடம் இல்லை. வரியை நீட்ட வேண்டுமென்றால் ஆறு மாத வேலை. இந்த ஒரு கோப்பில் மட்டும் வரிசை எண் போடாமல் எட்டுக் கட்டமும் காலியாகக் கிடந்தன. "இப்போதைக்கு அங்க போட்டு வெப்போம் சார், அப்புறம் மாத்திக்கலாம்" என்று யோசனை சொன்னவள் அவளேதான். இப்போதைக்கு என்று வைத்ததுதானே உலகத்தில் நிரந்தரமாக இருக்கிறது! வார்டுகளில் ஓடிய பழைய நிரல் அந்தக் கட்டங்களைப் பார்த்து ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே இருந்ததால் அதைப் பற்றி யாரும் திரும்ப நினைக்கவில்லை. அவள் உட்பட.

"சிஸ்டர், இருக்கு. பெனிசிலின். இருக்கு!" என்றாள். மறுமுனையில் நர்ஸ் "ஐயோ" என்று மட்டும் சொன்னாள்.

புது சிஸ்டம் அந்த எட்டுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. அப்படியென்றால் இவர் ஒருவர்தானா?  கட்டளை வரியில் எல்லாவற்றையும் மறை என்று அடித்தாள். நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரிகளும் ஒரே கோட்டுக்குள் போய் ஒளிந்தன. பிறகு, எழுபத்து மூன்று முதல் எண்பது வரை வெறுமையாக இல்லாத வரிகளை மட்டும் காட்டு என்றாள். இரண்டு விநாடி. திரையின் மூலையில் ஓர் எண் வந்தது.

நான்காயிரத்து முந்நூற்றுப் பதினேழு.

நான்காயிரத்து முந்நூற்றுப் பதினேழு பேருக்கு ஒவ்வாமை இல்லை என்று அந்தப் பளபளத் திரை இரண்டு வாரமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது! எந்த நிமிஷமும் யாராவது ஒரு நர்ஸ் அதை நம்பி யாருக்காவது ஊசியை ஏற்றலாம்.  புதுக் கம்பெனியின் மேலாளரைப் போனில் பிடித்தாள். எப்போதும் டை கட்டியிருப்பவர், பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இன்றைக்கு ஆபரேஷன் ஆகிறவர்களில் யார் யார் இந்தப் பட்டியலில் வருகிறார்கள் என்று உடனே வேண்டும் என்றாள்.

"மேடம், அதுக்குத் தனி ரிப்போர்ட் எழுதணும். நீங்க ஒரு கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடுங்க, மூணு வேலை நாள்ல..."

"மூணு நாள்ல பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிச்சிடலாம். போனை வைங்க" என்றாள்.

அறுவை சிகிச்சைக் கூடத்தின் அன்றைய பட்டியல் தாளாக அவள் மேசை மேலேயே இருந்தது. தினமும் காலையில் எல்லாப் பிரிவுக்கும் ஒரு பிரதி வரும். முப்பத்தொரு எண். மறையாமல் இருக்கும் வரிகளுக்குள் மட்டும் தேடு என்று சொல்லி ஒவ்வோர் எண்ணாக அடித்தாள். ஓர் எண்ணுக்கு நான்கு விநாடி, ஐந்து விநாடி. இல்லை. இல்லை. இருக்கு. ஒரு சிறுமி, மத்தியானம் இரண்டு மணிக்கு. இல்லை, இல்லை. இருக்கு. ஒரு லாரி ஓட்டுநர், மூன்று மணிக்கு. தாளில் வட்டம் போட்டுக்கொண்டே போனாள். கடைசி எண்ணை அடித்தாள்.

திரையில் வந்த வரியின் பெயர்க் கட்டத்தில் அவளுடைய நாத்தனாரின் பெயர் இருந்தது. முகவரிக் கட்டத்தில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்த வீட்டு எண். தாளில் நேரம் பத்தரை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்திரண்டு. கத்தி வைப்பதற்கு அரை மணி முன்னால் கிருமி தாக்காமல் இருக்க ஓர் ஊசி போடுவார்கள். அதே வகை ஊசி.

 அந்த வரியை ஏற்றியது பச்சையக்காவேதான், ஏற்றத் தொடங்கிய முதல் நாளே. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் நாத்தனாருக்குப் பிரசவம். ஓர் ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகம் தெரியாத அளவுக்கு வீங்கி இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது அண்ணிதான். கண் விழித்தவளிடம் யாரும் விவரம் சொல்லவில்லை. என்னவோ ஊசி ஒத்துக்கலை என்பதோடு சரி.

சிகிச்சைக் கூடத்துக்குப் போன் போட்டாள். லைன் பிஸியாக இருந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படியே. ஆண்கள் வார்டு நர்ஸைக் கூப்பிட்டு, சிறுமியின் எண்ணையும் ஓட்டுநரின் எண்ணையும் சொல்லி, "இந்த ரெண்டு பேருக்கும் எந்த ஊசியும் போட விடாதீங்க, நீங்களே போய் நில்லுங்க" என்று கத்திவிட்டு வெளியே ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது, முட்டி வலி, புதுப் புடவை. மருந்துக் கிடங்கு, சலவைக்கட்டு, சரிவுப் பாதை, எதிர்க் கட்டிடத்தில் இரண்டு மாடி. லிஃப்டுக்கு நிற்கவில்லை. படிக்கட்டில் ஒருமுறை புடவை தடுக்கி முழங்கை சுவரில் உரசியது. வலித்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

கூடத்துக்கு முன்னறையில் வரிசையாகத் தள்ளுகட்டில்கள். மூன்றாவதில் பச்சைத் துணிக்குள் நாத்தனார் படுத்திருந்தாள். கையில் ஏற்கனவே குழாய். பக்கத்துத் தட்டில் மருந்து ஏற்றிய ஊசி. ஒரு நர்ஸ் அதைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி போடாதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். "யாரும்மா நீங்க? இங்கெல்லாம் செருப்போட வரக் கூடாது" என்றாள் நர்ஸ்.

"செருப்பைக் கழட்டறேன், நீங்க முதல்ல அதைக் கீழ வைங்க! அவளுக்கு அது ஆகாது. செத்துப் போயிடுவா."

நர்ஸின் கை அந்தரத்திலேயே நின்றது. "சிஸ்டத்துல இல்லைன்னு போட்டிருக்கேம்மா. அவங்ககிட்டயும் கேட்டேன்."

"சிஸ்டம் பொய் சொல்லுது. நான் கம்ப்யூட்டர் செக்ஷன். நான் சொல்றேன், வைங்க."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள். அது உலோகத்தில் பட்ட சத்தம் பச்சையக்காவின் காதில் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

நாத்தனார் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு இது.

"இங்கயும் வந்து சண்டையா அண்ணி?"

"உனக்குப் பெனிசிலின் ஆகாதுன்னு ஏன்டி சொல்லலை? கேட்டாங்களாமே!"

"ஊசி பேரெல்லாம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதான் சரி, அதுல பார்த்துக்கங்கன்னு சொன்னேன். என் அண்ணிதான் அதை எழுதறவங்க, அவங்க எழுதினா தப்பா இருக்காதுன்னும் சொன்னேன். அதுல இல்லைன்னு சொன்னாங்க. சரி, இருக்காதுன்னு நினைச்சேன்" என்றாள்.

 இருபத்தாறு வருஷமாக அந்தப் பச்சை டப்பாவைக் கேலி செய்தவள், உயிரைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள்! பச்சையக்கா நாத்தனாரின் காலைத் துணிக்கு மேலாக ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே வந்தாள். மயக்க மருந்து டாக்டர் வேறு மருந்து எழுதினார். சிகிச்சை அரை மணி தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தவளுக்கு இப்போது கோபம் தலைக்கு ஏறியிருந்தது. யாருடைய அலட்சியம் இது? சம்பளத்தை வாங்கிக்கொண்டு எட்டுக் கட்டத்தைக் கோட்டை விட்டவன் எவன்? கோபத்தோடேயே உட்கார்ந்து வேலையைச் செய்தாள். கோப்பை ஒரு பிரதி எடுத்தாள். பிரதியில் எல்லாவற்றையும் மறைத்து, நான்காயிரத்து முந்நூற்றுப் பதினேழை மட்டும் வெளியே கொண்டுவந்து, மறைந்தவற்றை மொத்தமாக அழி என்றாள். நோயாளி எண்படி வரிசைப்படுத்தினாள். அச்சுப்பொறி கடகடவென்று துப்பியது. பிரதிக்கு ஏழு நிமிஷம். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு பிரதியாகக் கிழித்துக் கொடுத்தனுப்பினாள். இந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத் திரையை நம்பாதீர்கள் என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது. அன்று முழுக்க அந்த ஆஸ்பத்திரி அந்தத் தாளை வைத்துத்தான் ஊசி போட்டது.

பதினொன்றரைக்கு இயக்குநர் அறையில் கூட்டம். நிறுத்தப் போவதாக இருந்த இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு டை கட்டிய மேலாளரைப் பார்த்து வெடித்தார்.

"எட்டுக் கட்டம் எப்படிய்யா விட்டுப் போகும்? ஒரு மனுஷன் அங்க மிஷின்ல கிடக்கறார்!"

மேலாளர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். "எனக்கு முன்னால இருந்தவங்க பண்ணினது சார். கோப்பு அமைப்புன்னு உங்க பக்கத்துலேர்ந்து ஒரு டாக்குமென்ட் குடுத்திருந்தாங்க. அதுப்படிதான் எடுத்திருப்பாங்க."

"அதை நான் கொண்டு வரேன் சார்" என்று பச்சையக்கா எழுந்தாள். "என்கிட்ட பிரதி இருக்கு. அதுல என்ன இருக்குன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

வீராவேசமாகத்தான் போனாள். அறைக்கு வந்து அலமாரியைத் திறந்து தடித்த கோப்பை இழுத்து மேசையில் போட்டு விரித்தாள். நாற்பத்தொன்றாம் பக்கம், நோயாளி வரியின் அமைப்பு. ஒன்று முதல் ஆறு, நோயாளி எண். ஏழு முதல் முப்பது, பெயர். விரலை வைத்துக் கீழே இறங்கினாள்.

எழுபத்து மூன்று முதல் எண்பது: வரிசை எண். எடுக்கத் தேவையில்லை.

கீழே கையெழுத்து அவளுடையது. பதினோரு மாதத்துக்கு முந்தைய தேதி.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். அந்த நாள் நினைவுக்கு வந்தது. மறுநாளே வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். எடிட்டரில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். எழுபத்திரண்டு வரைக்கும் கண்ணால் பார்த்து எழுதினாள். மிச்ச எட்டைப் பார்க்காமலே எழுதினாள். ஒரு விசை. ஒரே ஒரு விசையை அழுத்தியிருந்தால் போதும். புதிதாக வந்தவன் என்றால் தெரியாமல் அழுத்திப் பார்த்திருப்பான். இருபத்தொன்பது வருஷம் பழகியவளுக்கு அழுத்தத் தோன்றவில்லை. அங்கே ஒளித்து வைத்ததும் அவள், அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்ததும் அவள்.

உட்கார்ந்தாள். மேசை மேல் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. அந்தத் தபால்காரர் வாயில் குழாயோடு கிடப்பது கண்ணுக்குள் வந்தது. தட்டில் வைத்த ஊசி வந்தது. மேலாளருக்கு இந்தப் பக்கம் தெரியாது, கொண்டு போவதற்குள் ஒரு தாளைக் கிழித்தால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வந்தது. வந்தது என்று அவளே பிற்பாடு கணவரிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் இயக்குநர் மேசையில் விரித்து வைத்தாள்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் சார். நான்தான் எழுதினேன். அவங்க மேல தப்பு இல்லை."

 இயக்குநர் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார். "நீங்களாம்மா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வாழ்க்கையில் யாரும் அவளிடம் அப்படி ஒரு குரலில் கேட்டதில்லை.

விசாரணை நடந்தது. ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள், வாங்கிக்கொண்டாள். தபால்காரருக்கு நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். அவரும் அவர் மகனும் அவளைப் பார்க்க ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் வாங்கிக்கொண்டாள். பழைய இயந்திரம் இன்றைக்கும் அந்தக் கடைசி அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. புது சிஸ்டத்தில் எது ஏறினாலும் முதலில் பச்சைத் திரையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் என்று உத்தரவு. அவள் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வேலையாக வலது பக்கம் தள்ளும் விசையை அழுத்துகிறாள், ஒன்றும் இல்லாத கோப்பிலும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் அவள் நாத்தனாரின் கட்டிலுக்குப் போனாள். கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நாத்தனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் வாய் தேறியிருந்தது.

"வாங்க அண்ணி. ஊரே உங்களைத்தான் பேசுது. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடி வந்தீங்களாமே" என்று சிரித்தாள். சிரித்ததும் தையல் இழுத்துக்கொண்டது. "அந்தக் குக்கர் ரப்பர் எங்க வீட்டு அலமாரிலதான் இருக்கு. அப்பவே கிடைச்சிடுச்சு. குடுத்தா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆகிடுமேன்னு வெச்சிருந்தேன்."

பச்சையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, யாரு பண்ணின தப்பாம் இது? அந்த டை கட்டினவனா?"

"நான்தான்."

"என்னது?"

"நான்தான். அந்த எட்டுக் கட்டத்துல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்தது நான். வலது பக்கம் தள்ளிப் பார்க்காம எழுதிட்டேன். நீ என்னை நம்பினே. உன் பேர் அங்கதான் இருந்துச்சு, நான் பார்க்கலை."  புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். காலையில் அழக் கூடாது என்று வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

  நாத்தனாரின் சிரிப்பு மெல்ல முகத்தை விட்டுப் போனது. கண் மட்டும் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தது.  பிறகு கையை நீட்டி அண்ணியின் முழங்கையில் இருந்த சிராய்ப்பைத் தொட்டாள்.

"இதுக்கு மருந்து போட்டீங்களா?"

"இல்லை."

"போடுங்க." பிறகு மேசை மேலிருந்த தன் கைப்பையைக் காட்டினாள். "அதுல ஒரு பேனா இருக்கும், எடுங்க. அந்த ஊசி பேரை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. இனிமே யாரு கேட்டாலும் நானே சொல்லிக்கறேன்."

பச்சையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சீட்டில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தாள். நாத்தனார் அதை எழுத்துக் கூட்டி வாய்க்குள் படித்தாள். மடிக்கப் போனவள் ஒரு கணம் நின்று, சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.